ஆம் என்ற பொத்தான்

கொழும்பிலிருந்து வந்த மென்பொருளுக்குப்
பின்வாசல் கிடையாது.
எல்லாம் திரை வழியேதான்:
எண்ணை அடி, டேப் தட்டு,
நிறையை அடி, டேப் தட்டு, சேமி.
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
நானூற்றுப் பன்னிரண்டு தரம்.

மணிக்கட்டு வீங்கிய மழைமாதத்தில்
நானே எழுதினேன் அந்த ஸ்கிரிப்டை,
அறுபத்தேழு வரி.
நான் சொடுக்கும் இடத்தில் அது சொடுக்கும்.
ஜன்னல் திறக்கும்வரை
இரண்டு விநாடி உறங்கு என்று ஒரு வரி.
எங்கள் ஒபிஸில்
வேலை நேரத்தில் உறங்க அனுமதியுள்ள ஒரே ஆள் அதுதான்.

முதல்நாள் ஓடவிட்டு
ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன்.
லிந்துலையில் இறங்கி
வெளிச்சம் இருக்கும்போதே மீன் வாங்கினேன்.
காலி நாற்காலி, அசையாத மவுஸ்,
அம்பு மட்டும் திரையெல்லாம் ஓடுவதைக் கண்ட
வாட்சர் முத்துக்கருப்பன்
லைட்டை அணைக்கவும் உள்ளே போகவில்லையாம்.

காலையில் பார்த்தால்
முப்பத்தொரு அரைப் பேர்.

பதினெட்டுக் கிலோ நிறையாவிட்டால்
ஒரு சின்னப் பெட்டி எழும்பும்,
மஞ்சள் முக்கோணத்தோடு:
'நிறை குறைவு. அரைப் பேர் போடலாமா?'
ஆம் என்ற பொத்தான்
முன்கூட்டியே நீலமாய்த் தயாராக இருக்கும்.
எண்டர் ஒன்று போதும்.

அந்த இடத்தில்
என் விரல் இத்தனை வருடமும் நின்றிருக்கிறது.
எனக்கே தெரியாது.
அஞ்சாம் நம்பர் மலையில் பனி மூடி
மூன்று மணிக்கே ஆள் இறக்கினார்களா,
சாக்குக்கும் தண்ணிக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள்,
மருதாயிக்கு இது எட்டாம் மாசமாச்சே
என்று கணக்கப்பிள்ளை ஜெயசீலனுக்குப் போன் போட்டு
பிறகுதான் அமுக்குவேன்,
ஆமோ இல்லையோ.
நாலு விநாடி. சில நாள் நாலு நிமிடம்.

ஸ்கிரிப்டில்
கை செய்ததையெல்லாம் எழுதியிருந்தேன்.
கை நின்றதை
எழுதவில்லை.

திருத்த மூன்று மாலை.
காரணம் கேட்டது மென்பொருள்.
'லிகிதர் பிழை' என்று இருபத்தெட்டுத் தரம் அடித்தேன்.
இதற்கு மட்டும் ஸ்கிரிப்ட் போட மனம் வரவில்லை.
மிச்சம் மூன்று பேருக்கும்
அரைப் பேர்தான் சரி.
அதையும் நானே அமுக்கினேன்,
அதில் ஒருத்தி என் சின்னம்மா மகள்.

அறுபத்தெட்டாவது வரி:
அந்தப் பெட்டி வந்தால் நில்.
மணி அடி.
எவ்வளவு நேரமானாலும் நில்.

'மெஷின் வந்தும் ஏன் ஆறரை வரைக்கும் இருக்கிறாய்?'
துரை கேட்கிறார்.
இன்றைக்கு இது ஒன்பதாவது மணி, சேர்.

பெட்டி எழும்பி நிற்கிறது.
கண்ணாடி ஜன்னலில் பனி,
கொழுந்து லொறி கியர் மாற்றும் சத்தம் மட்டும்.
ஜெயசீலனுக்கு ரிங் போகிறது,
போகிறது,
எடுக்கவில்லை.
நீலப் பொத்தானுக்கு மேல்
அம்பு
அசையாமல்.