விலைப்புள்ளி

தலைமையகம் கேட்டிருக்கிறது:
மத்தோ குரோசோ மாநிலத்தில்
அடுத்த பத்தாண்டில் எந்தெந்தச் சின்ன ஊர்கள் நிமிரும்?
ஒரு பட்டியல். வெள்ளிக்குள்.

நான் ஜுசாரா பியோவெசான். லிஃப்ட் விற்பவள்.
காரின் பின்னிருக்கையில்
மூன்று பொத்தான் பலகைகள்,
கதவுக்கு மாதிரியாக எஃகுத் துண்டுகள்,
சேற்றுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் காலணி.
நூற்று அறுபத்து மூன்றாம் நெடுஞ்சாலையில்
சோயா லாரிகளின் வால்பிடித்து
மணிக்கணக்கில் ஊர்ந்தபடி
ஊர்களை எடை போடுகிறேன்.

மேலிடத்தின் கணக்கு
மக்கள்தொகை, வங்கிக் கடன், மனையின் விலை.
என் கணக்கு வேறு.
சதுக்கத்துப் பேக்கரியில் காப்பி ஆறும்வரை
பேச்சுக் கொடுப்பேன்:
இங்கே பல் மருத்துவர் எத்தனை பேர்?
நாய்க்கு முடி வெட்டும் கடை உண்டா?
விவாகரத்து வழக்குகள் எப்படி?
பிரிந்தவர்கள்தாம் முதலில் மாடிவீடு வாங்குகிறார்கள்.
ஒரு வீடு இரண்டாகும்போது
ஒன்று மேலே போகிறது.

சினோப். எழும். எழுந்தாயிற்று,
இனி எண்ணிக்கைதான்.

சொஹிசோ. பெயருக்குப் புன்னகை என்று பொருள்.
பல் இப்போதுதான் முளைக்கிறது:
முன்னால் இரண்டு, நடுவில் சந்து.
எழும் என்று போட்டேன்.

லூக்காஸ். ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை.
கேள்விக்குறி.

சாந்தா லீதியாவைப் பற்றி என்ன எழுத?
எள் விழ இடமில்லை என்பதற்கு
நேர் எதிரான ஊர்.
அடிவானம்வரை இஸ்திரி போட்ட தட்டை.
உயரம் என்று சொல்லத்தக்கவை
தானியக் குதிர், தண்ணீர்த் தொட்டி,
அப்புறம்தான் மாதாகோவில்.
தீயணைப்பு வண்டியின் ஏணி
ஏழாம் மாடியோடு நின்றுவிடுகிறது.
அங்கேதான் வால்மோர் துரிகோன்
பதினெட்டு மாடிக்கு விலை கேட்கிறார்.
பன்னிரண்டு எழும்பிவிட்டது,
சுவரில்லாமல், சிமெண்டு வாசனையோடு.

இவ்வளவு நிலம் படுத்துக் கிடக்கையில்
மேலே போக என்ன அவசரம்?
விற்பவள் கேட்கக் கூடாத கேள்வி.
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.
அவர் தொப்பியைக் கழற்றி
உள்பக்கத்தைப் பார்த்தார்.
முப்பத்தெட்டு வருஷமாக உழுகிறேன்,
ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை.

சாமான் தூக்கியில் ஏறினோம்.
ஓட்டியவன் ஒல்ரிக், ஹெய்ட்டிக்காரன்.
ஊருக்கு இன்னும் வாய்க்காத காட்சியை
நாளுக்கு நாற்பது தடவை
கூலிக்குப் பார்ப்பவன்.
கம்பிவலைக்கு வெளியே
முதலில் மாமரங்களின் தலை,
பிறகு கூரைகளின் துரு,
பிறகு மரமே இல்லாமல் பச்சை.

பன்னிரண்டாம் தளத்தின் விளிம்பில்
வால்மோர் தன் நிலத்தைத் தேடினார்.
கிடைத்தது. வேலி தெரிந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
பக்கத்து வயலில் மழை.
சாம்பல் நிறத் திரைச்சீலைபோல் தொங்கி
அளந்து வெட்டியதுபோல்
வேலியோடு நின்றிருந்தது.
இவர் பக்கம் செம்மண் புழுதி
டிராக்டருக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே இருந்திருந்தால்
மழை வருகிறது என்றுதான் நினைத்திருப்பேன்,
என்றார்.

தினமும் அந்தப் பக்கம்தான், என்றான் ஒல்ரிக்,
யாரும் கேட்காமலே,
கம்பிக் கதவைத் திறந்து பிடித்தபடி.

இறங்கும்போது ஐந்தாம் தளம் அருகே
வால்மோர் மறுபடி தொப்பியை மாட்டினார்.
இருபத்திரண்டு ஆக்கினால்
லிஃப்டுக்கு எவ்வளவு கூடும்?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
உயரத்துக்குப் பழமொழி இல்லை;
விலைப்பட்டியல்தான் இருக்கிறது.
மாடிக்கு இவ்வளவு என்று சொன்னேன்.
தலையாட்டினார்.

இரவு விடுதியில் படிவத்தைத் திறந்தேன்.
சாந்தா லீதியா: எழும்.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று தட்டினேன்.
அழிக்கப் போனேன், அழிக்கவில்லை.
திங்களன்று கூப்பிட்டுக் கேட்பார்கள்,
கேட்கட்டும்.

அதற்கு முன்னால் காலையில்
தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நடை போக வேண்டும்.
அந்த ஏணியைப் பற்றி
யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.