உச்சிப்பொழுது

சூரியனைக் கோணமானிக்குள் இழுத்து
அடிவானத்தில் உட்காரவைத்து
ஆறு பேரும் சிலேட்டில் கணக்கிட்டோம்.
ஐந்து கப்பல்கள் பிஸ்கே கடலில்.
ஜாகோ பென்வார்னின் கப்பல் மட்டும்
ஸ்பெயினில், யாருடைய ஆப்பிள் தோப்பிலோ.

"பழம் உலுக்க வாட்டமாக
மேலே ஏறிக்கொள்" என்றார் கேப்டன்.
அந்திவரை பாய்மர உச்சி.
மழை பிடித்தது.
இறங்கச் சொல்லிக் குரல் போனபோது
விறைத்த கைக்குக் கயிறு அகப்படவில்லை.

வியாழனன்று நடுமரத்தடியில் ஏலம்:
சட்டை இரண்டு, ஒற்றைக் காலுறை,
எலி தின்றதுபோக மீந்த பாலாடைக்கட்டி.
கோணமானியை நான் எடுத்தேன்,
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

மறுநாள் என் கப்பலும்
அதே தோப்பில் நின்றது.
கண்ணாடி மயிரிழை சாய்ந்திருக்கிறது;
ஒரு திருகில் சரியாகிவிடும்.
இன்னும் திருகவில்லை.

கேப்டனிடம் கூட்டிக் கழித்துக்
கடலைத்தான் சொல்கிறேன்.
சிலேட்டைத் துடைக்குமுன்
காய் விட்டிருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.