குளிர்பெட்டிக்குள் ஒரு பல்பு

முதல் கோப்பை முழுக்க நுரை.
இரண்டாவதில் பாதி.
மூன்றாவதுதான் பியர்.
அதற்குள் ஓரினுக்குத் தாகம் போய்
கோபம் வந்துவிடும்.

சனிக்கிழமைச் சீட்டாட்டம் என் கராஜில்.
வெளியே ஹான்காக் நகரின் ஜூலை,
வருடத்தில் நாங்கள் கோட்டு போடாத ஆறு வாரம்.
பழைய குளிர்பெட்டியின் உச்சந்தலையில் துளையிட்டு
குழாய்த் தண்டை நட்டவன் நான்.
ஆகவே குற்றவாளியும் நானே.

முகப்பு எண் முப்பத்தெட்டு என்கிறது.
நாக்கு அதை நம்பவில்லை.

வாயு அழுத்தம், என்றான் வெண்டெல்.
அவனுக்கு எல்லாமே அழுத்தம்தான்,
மனைவி விட்டுப் போனதும்.
கதவு ரப்பர், என்றான் ஓரின்.
ஐந்து டாலர் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி
இழுத்துப் பார்த்தான்.
மேலே பிடித்தது. பக்கத்தில் பிடித்தது.
"ரப்பர் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லி
தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
என் தாள் அது.

மார்லிஸ் இருபது வருடம்
மருத்துவமனை இரத்த வங்கியில்
குளிர்பெட்டிகளுக்குக் காவல் இருந்தவள்.
ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி
பீப்பாய்க்கருகே வைத்தாள்.
"காற்றைக் கேட்காதே,
கதவு திறந்ததும் கட்சி மாறிவிடும்.
தண்ணீர் யோசித்துத்தான் பேசும்.
காலையில் பார்."

காலையில் நாற்பத்து நான்கு.

உள்ளே தலையை விட்டுத் தேடினேன்.
உணர்கம்பி நழுவி
குளிர்த்தகட்டின் மேல் சாய்ந்து கிடந்தது.
அடுப்படியில் நிற்பவனிடம்
ஊரே வேர்க்கிறதா என்று கேட்டதுபோல.
பிடுங்கிப் பீப்பாயின் வயிற்றில் ஒட்டினேன்,
மேலே ஒரு துண்டுப் பஞ்சு.
தகட்டில் இரண்டு விரற்கடைப் பனி;
ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தி
நான்கு துண்டுகளால் துடைத்தேன்.
பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து
அதன் முதுகுக்கு மூச்சு கொடுத்தேன்.
கணினியிலிருந்து கழற்றிய விசிறி
குழாய்த் தண்டுக்குள் குளிரை ஊதியது.
முதல் கோப்பை
இரண்டு விரல் நுரையோடு அடங்கி நின்றது.

ஆனால் தம்ளர் சொன்னது நாற்பது.
மோட்டார் ஓய்வதேயில்லை.
இரண்டு டிகிரி எங்கோ ஒழுகுகிறது.
ஆகஸ்ட் முழுக்கத் தேடினேன்.
செப்டம்பரில் தேடுவதை விட்டேன்,
பெரிய ஏரியே குளிர் அனுப்பத் தொடங்கியிருந்தது.

ஜனவரி.
கராஜுக்குள் தண்ணீர் உறையும் குளிர்.
பெட்டி தனக்கு இனி வேலையில்லை என்று
வாய்மூடிக் கிடந்தது.
கைப்பிடியைச் சாய்த்தேன்: ஒன்றும் வரவில்லை.
பீப்பாயை அசைத்தேன்:
உள்ளே பனிக்கட்டி
எஃகில் முட்டும் மந்தமான சத்தம்.

கோடையில் குளிருக்கு அலைந்தவன்
குளிர்பெட்டிக்குள் சூடு வைக்கப் போகிறேன்.
சிரிக்க வெண்டெல் அங்கில்லை.
பரணில் கிடந்த பழைய மஞ்சள் பல்பை
கம்பியில் மாட்டி உள்ளே தொங்கவிட்டேன்.

கதவை மூடினேன்.
கராஜ் விளக்கை அணைத்துத் திரும்பினால்
இருட்டில்,
கீழே, கீல் பக்கத்து மூலையில்
ஒரு தீக்குச்சி நீளத்துக்கு
வெளிச்சம்.

ஓரின் தாள் வைத்துப் பார்க்காத
ஒரே மூலை.
ஜூலை முழுவதும் என் இரண்டு டிகிரி
இந்த வழியாகத்தான் நடந்து போயிருக்கிறது.

மார்லிஸைக் கூப்பிட்டேன்.
இரவு உடைமேல் கோட்டோடு வந்தாள்,
குனிந்து பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.
தூங்கப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.
தலைமுடி உலர்த்தியோடு திரும்பினாள்.
மண்டியிட்டு வெப்பக் காற்றைப் பாய்ச்ச,
சுருண்டிருந்த ரப்பர்
மெல்ல இளகியது.
விரலால் நீவி அழுத்திப் பிடித்தேன்.
வெளிச்சம் நூலாகி, மயிரிழையாகி,
போயே போனது.

இருட்டில் இரண்டு பேர் முழங்காலில்.

நாளை ஓரினிடம்
ஐந்து டாலரைத் திருப்பிக் கேட்க வேண்டும்.