கூப்பிடு தூரம்

டுலூத்தை விட்டுக் கிளம்பியபோது
பனிக்கோட்டுகள் மூன்றையும் விற்றோம்.
வாங்கியவள் சொன்னாள்: கொடுத்துவைத்தவர்கள்.

ஹூஸ்டனில் வீடு பெரிது.
அங்கே எங்கள் சமையலறை இருந்த அளவுக்கு
இங்கே துணி அலமாரி.
வீட்டைக் காட்டிய டார்லீன்
எல்லாமே இருபது நிமிஷம் என்றாள்.
ஆஸ்பத்திரி இருபது நிமிஷம்,
ஆர்விட்டின் ஆபீஸ் இருபது நிமிஷம்.
எந்தக் கிழமையின், எந்த மணியின்
இருபது நிமிஷம் என்று
நாங்கள் கேட்கவில்லை.

ஆர்விட் ஐந்தரைக்குக் கிளம்புகிறான்.
திரும்பி வரும்போது
முன்னால் போன வண்டிகளின் சிவப்பு
அவன் கண்ணில் இன்னும் அணையாமல் இருக்கிறது.
என்ன செய்தாய் இன்றைக்கு என்றால்
பிரேக் மிதித்தேன் என்கிறான்.

அங்கே ஆறு மாதம் பனி எங்களை உள்ளே வைத்தது.
இங்கே ஆறு மாதம் வெயில்.
அதே சிறைதான்.
கம்பி மட்டும் சுடுகிறது.

பக்கத்து வீட்டு ஓர்ட்டென்சியா
கராஜ் சுவரைக் காட்டினாள்.
பிள்ளைகள் வளர்வதைக் குறிப்பதுபோல
பென்சிலால் மூன்று கோடுகள்,
பக்கத்தில் வருஷம்.
முதல் கோடு என் கணுக்காலுக்கு,
மூன்றாவது இடுப்புக்கு.
நன்றாக வளர்கிறது என்றாள்,
தன் பேரன்களைப் பற்றிப் பேசும் அதே குரலில்.
வீட்டுக்கு வந்து எங்கள் கராஜைப் பார்த்தேன்.
புத்தம் புதுப் பெயின்ட்.
இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும்.

செவ்வாய்க்கிழமை
இரண்டு எலுமிச்சம்பழம் வேண்டியிருந்தது.
மாடி ஜன்னலிலிருந்து கடை தெரியும்.
தள்ளுவண்டிகளை எண்ணலாம்.
கூப்பிடு தூரம்,
நடுவில் பதினாறு தடங்களில் ஓடும் சாலை
கூப்பிட விட்டால்.
காரில் போனால் திரும்பும் இடம் வரைக்கும் இரண்டு மைல்,
திரும்பி வர இன்னும் இரண்டு.
நடந்தேன்.

நடைபாதை
சொல்ல வந்ததை மறந்தவன்போல
ஒரு புல்வெளியின் நடுவில் நின்றுவிட்டது.
அதற்கப்புறம் புல், மூடியில்லாத சாக்கடை,
யாரோ இழந்த ஒற்றைச் செருப்பு.

முதல் பிக்கப் நின்றது: வண்டி பழுதா?
இரண்டாவது நின்றது: யாராவது அடித்தார்களா, அம்மா?
மூன்றாவதில் இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை,
குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.
எல்லோரும் நல்லவர்கள்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
நடக்கிறேன் என்று சொன்னபோதெல்லாம்
ஒரு நோயின் பெயரைச் சொன்னதுபோல
முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பாலத்துக்கு அடியில்
என்னைத் தவிர நடக்கிற ஒரே மனிதர்,
கடைத் தள்ளுவண்டியில் தன் கூடாரத்தோடு.
பெயர் கிளியோஃபஸ்.
என் செருப்பைப் பார்த்தார்.
புதுசா என்றார்.
செருப்பையா, என்னையா, தெரியவில்லை;
ஆமாம் என்றேன்.
இந்த சிக்னல் பதினோரு விநாடி என்றார்.
ஒன்பதில் கிளம்புகிறவர்கள்
நடுத்திட்டில் நின்று யோசிப்பார்கள்.
நான் நடுத்திட்டில் நின்று யோசித்தேன்.
வெந்த தார் வாசனையில்
ஏரியிலிருந்து அடிக்கிற காற்றை
நினைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

கடைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது.
விற்றுவிட்ட கோட்டுகளில் ஒன்று
அங்கே தேவைப்பட்டது.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.
கார் நிறுத்துமிடத்து மரங்கள் முழுக்கக் கிராக்கிள் பறவைகள்,
கறுப்பாக, எண்ணெய் போடாத கதவுகள்போல
ஆயிரம் குரலில் கத்தின.
இந்த ஊரில் கால் தரையில் பட நடக்கும் இன்னொரு கூட்டம்.

திரும்பும்போது கிளியோஃபஸ்
பையை எட்டிப் பார்த்து,
எலுமிச்சையா என்றார்,
காசைப் பார்த்தவரைவிட ஆசையாக.
ஒன்றைக் கொடுத்தேன்.
நகத்தால் கீறி முகர்ந்தார்.
தின்னவில்லை.

இரவு ஆர்விட் வந்தான்.
இரண்டு வேண்டும் என்றாயே,
ஒன்றுதானே இருக்கிறது?

இன்னொன்றை வழியில் ஒருவருக்குக் கொடுத்தேன்.

சாவிக்கொத்தை மேஜையில் வைத்தவன்
நிமிர்ந்து பார்த்தான்.
வழியிலா?
வழியில் யார் இருக்கிறார்கள்?