பதினொரு டொபி

நோர்வூட் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
யோகமலரின் கொமியூனிகேஷன் கடை.
ஏழரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
போட்டோகொப்பி மெஷினை மேசையாக்கி
அந்தப் பக்கம் அவள் உட்காருவாள்,
இந்தப் பக்கம் நான்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க மிஸ்."

போன வருஷம் கண்டியில் இதே கேள்விக்கு
அப்பா பெயர், தோட்டம், டிவிஷன், லய நம்பர்
ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.
பெரட்டில் அவ்வளவு போதும்.
கண்டியில் மூன்று பேரும்
மீதிக்காகக் காத்திருந்தார்கள்.
மேலே ஃபேன் சுற்றியது.
ஸொறி என்றேன்.

யோகமலர் இன்டர்வியூ அறையைக் கண்டதில்லை.
ஓ.எல். இரண்டு தரம் எழுதி
இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவள்.
ஆனால் ரீலோட் போட வருகிறவன்
கடன் கேட்பானா மாட்டானா என்று
அவன் படியேறும்போதே சொல்லிவிடுவாள்.
முதல் ராத்திரி போத்தலைத் திறந்துவைத்து
நான் ஸொறி சொல்லும்போதெல்லாம்
ஒரு டொபியை என் பக்கம் தள்ளினாள்.
பதினொன்று.
"அப்பிடி யாருக்கு என்னடி செஞ்ச நீ?"
கணக்கில் விழுந்தவள்தான்,
நூற்றுப்பத்து ரூபாயைப் பிழையில்லாமல்
கடன் கொப்பியில் என் பெயருக்கு எழுதினாள்.

இரண்டாம் ராத்திரி என் விண்ணப்பத்தை வாசித்தாள்.
பொழுதுபோக்கு: வாசிப்பு.
"என்னா வாசிக்கிற?"
பேசாமல் இருந்தேன். வெட்டிவிட்டாள்.
"மடுவத்துல ஆறு மாசம்
கொழுந்து நிறை எழுதினியே, அது எங்க?"
"அதெல்லாம் ஒரு வேலையா?"
"இல்லாட்டி ஏன் சம்பளம் குடுத்தான்?"

நூற்றி நாற்பது பேரின் கூடைகள்,
தராசு முள் நடுங்கி நிற்கிற அந்த ஒரு கணம்,
ஈரத்துக்கென்று அவர்கள் கழிக்கிற கிலோ,
ஒருத்தியின் பதினெட்டை இன்னொருத்திக்கு
ஒருநாளும் மாற்றி எழுதாத என் கை.
இதையெல்லாம் நான்
வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருந்தேன்.

சிங்களப் பதில்களை
ஹட்டன் பஸ் கொண்டக்டரிடம் பழகினேன்,
மிச்சக் காசு கேட்பதில் தொடங்கி.
நாலாம் நாள்
முழு மிச்சத்தையும் தந்தான்.

என் பதிலை ஃபோனில் பதிந்து கேட்டபோது
யாரிடமோ இரவல் வாங்கிய குரல்.
பத்தாம் தரம் கேட்டபோதும் அப்படித்தான்.
ஆனால் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

நுவரெலியா. மரக்கறி ஏற்றும் கம்பெனி.
சான்றிதழ்கள் சிலிசிலி பையில்,
சப்பாத்து தங்கச்சியுடையது, அரை சைஸ் சின்னது.
உள்ளே மூன்று பேர். அதே மூன்று பேர் போல.

நடுவில் இருந்த அம்மா கேட்டார்:
"ரம்பொடையில லொறி நின்னுட்டுது.
எண்ணூறு கிலோ லீக்ஸ்.
யாருக்கு முதல்ல கோல் எடுப்பீங்க?"

இதை யோகமலர் கேட்டிருக்கவில்லை.
நுவரெலியாவில் ஃபேனும் கிடையாது,
மௌனம் அப்படியே மௌனமாக இருந்தது.
தொண்டைவரை ஒரு ஸொறி வந்து
டொபித் தாள் மாதிரி சரசரத்தது.
விழுங்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
தராசு முள் நிற்கட்டும்.

"தெரியாது மேடம்.
யாருக்கு எடுக்கணும்னு ஒஃபிஸ்ல ஒரு லிஸ்ட் இருக்குங்களா?
இல்லைன்னா, வந்த முதல் வாரமே
நான் ஒண்ணு எழுதி சுவத்துல ஒட்டுவேன்."

பேனையை எடுத்து ஏதோ எழுதினார்.
தலைகீழாக வாசிக்க எனக்கு வராது.

இருட்டிய பிறகு நோர்வூட்.
பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தேன்.
யோகமலர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.
"எத்தனை?" என்றாள்.

"ஒண்ணுதான்.
அதுவும் தலவாக்கலையில,
பஸ்ஸுல ஒரு ஆளுட கால மிதிச்சுட்டேன்."

கடன் கொப்பியைத் திறந்து
என் பெயருக்குக் கீழே
பத்து ரூபாய் கூட்டினாள்.