பச்சை என்றால் நின்றிருக்கிறது

நிங்போவில் ஜனவரி வந்தால் சுவர்கள் குளிரைக் கசியும்.
அரசாங்கத்தின் வெந்நீர்க் குழாய்
ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு மட்டும்.
அதனால் பங்குத் தரகர் கூடத்துக்கு வருகிற ஓய்வூதியக்காரர்கள்
ஆளுக்கொரு கால்சூட்டுப் பெட்டியோடு வருவார்கள்,
நாற்காலிக்கடியில் செருகுவார்கள்.
பார்த்தும் பார்க்காததுபோல் போவேன்.

மூன்றாம் வரிசைக்குப் பதினாறு ஆம்பியர்.
அதற்கு மேல் கேட்டால்
இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னத் தகடு
சூட்டில் வளைந்து, இன்னும் வளைந்து,
ஒரு கணத்தில் கொக்கியை விட்டுவிடும்.
டக்.
அதற்குக் கோபம் இல்லை. கருணையும் இல்லை.

என் பலகையில் சிவப்பு எரிந்தால் ஓடுகிறது, தொடாதே.
பச்சை என்றால் நின்றிருக்கிறது.
கூடத்துப் பெருந்திரையிலோ
சிவப்பு ஏற்றம், பச்சை சரிவு.
பதினொரு வருடமாக இரண்டுக்கும் நடுவே
ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை திரை முழுக்கப் பச்சை.
கீரைப் பாத்தி மாதிரி என்றாள் கோவ் மெய்ஃபென்.
யாரும் சிரிக்கவில்லை.
ஒன்பது நாற்பத்திரண்டு. ஐந்து சதவீதம்.
எண்கள் அப்படியே உறைந்தன.
துவான் ஹெங்ஷோ என்னைப் பார்த்துக் கையாட்டினார்:
"ருய்லான், பிரேக்கர் விழுந்துவிட்டது.
உன் வேலைதானே, வந்து மேலே தள்ளிவிடு."

ஆற அமர யோசிக்கப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்களாம்.
அது எப்படிச் செலவானது என்று பார்த்தேன்.
ஒரே ஒருவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் குடித்தார்.
மற்றவர்கள் விற்கும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு
பந்தயக் கோட்டில் குனிந்தவர்கள் போல.
ஏழைத் தொட்டால் இன்று முழுக்கக் கதவடைப்பு:
எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்திருந்ததுதான் வினை.

மின்சாரத்துக்குப் பதினாறு என்ற எண் தெரியாது.
கதவைச் சாத்தப் போகிறார்கள் என்று
முன்னால் நிற்பதைத் தள்ளிக்கொண்டு அது ஓடாது.
பணத்துக்குத் தெரியும்.
பணத்துக்குக் காது உண்டு, கால் உண்டு.
கடனாக வந்த பணத்துக்கு நாலு கால்.

ஒன்பது ஐம்பத்தேழுக்குத் திறந்தார்கள்.
ஐம்பத்தொன்பதுக்கு எல்லாம் முடிந்தது.

அந்த அமைதியில்தான்
மூன்றாம் வரிசையில் டக்.
கால்சூட்டுப் பெட்டிகளின் ஆரஞ்சுக் கண்கள்
ஒன்றாக மூடின.
இப்போது சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

பெட்டியைத் திறந்தேன். உடனே தள்ளவில்லை.
முதலில் எதையாவது பிடுங்குங்கள் என்றேன்.
துவான் குனிந்து தன்னுடையதைப் பிடுங்கினார்.
வயரைச் சுற்றியபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி:
"மகன் வீட்டுக்கு முன்பணம் உள்ளே இருக்கிறது.
அதற்கு ப்ளக் எங்கே?"

விழாத பிரேக்கரையும் பார்த்திருக்கிறேன் என்று
அவரிடம் சொல்லியிருக்கலாம்.
யீவுவில், தொப்பித் தொழிற்சாலை விடுதியில்,
ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ ஓர் ஆணியை வைத்திருந்தார்கள்.
இரண்டு மாதம் நல்ல கதகதப்பு.
அதற்குப் பிறகு வாசலில் ஒட்டியிருந்த பெயர்களில்
மூன்று என் அறைக்காரிகளுடையவை.

சொல்லவில்லை.
ஆணியும் அவரும் ஒன்றா, தெரியவில்லை.
நிறுத்துவது நல்லது என்று நம்பித்தான்
இந்தத் தொழிலுக்கு வந்தேன்.
நிறுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால்
என்ன ஆகும் என்பது
எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை.

அன்று இரவே அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.
நான்கு நாள் வாழ்ந்தது.
என் பதினாறு ஆம்பியரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை திரையில் கொஞ்சம் சிவப்பு.
எல்லோரும் வந்திருந்தார்கள்.
துவான் மட்டும் நான்காம் வரிசைக்கு மாறியிருந்தார்,
பெட்டியோடு.
அதுவும் பதினாறுதான்.