பதினேழு சதவீதம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருக்கிறது.
என் கடைக்குள்ளும்.

நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சுற்றுகின்றன:
‘புதுப்பிக்கிறோம். அணைத்துவிடாதீர்கள்.’
யார் அந்த ‘றோம்’?
இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன்.
வாசலில் பதினோரு பேர்,
கையில் அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகம்.
சம்பா காப்பீட்டுக்கு இன்றோடு சரி.

பதினேழு சதவீதத்தில் நின்றுவிட்டது.
‘பதினேழுன்னா எடுத்துக்கலாமே’ என்றார்
கோவில்வெண்ணி தனுஷ்கோடி.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவியோடு
அவர் மல்லுக்கட்டிவிட்டு வந்த வாரம்.
யாரும் சிரிக்கவில்லை, அவரைத் தவிர.

முன்பெல்லாம் கேட்கும்:
இப்போதா, பிறகா?
அப்புறம் கேட்டது:
ஒரு மணி நேரத்திலா, இன்றிரவா?
இப்போது சொல்கிறது.
‘வேண்டாம்’ என்றொரு பொத்தான் இருந்த இடத்தைச்
சுட்டியால் தடவிப் பார்க்கிறேன்,
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல்.

பழி சொல்லவும் வாய் வரவில்லை.
கடை திறந்த அன்று
பிரிண்டரைச் செருகினேன், தெரிந்துகொண்டது.
ரேகைக் கருவியைச் செருகினேன், தெரிந்துகொண்டது.
தமிழ் வேண்டுமென்று நினைக்குமுன்
‘அ’ வந்து நின்றது.
எப்படி என்று கேட்கவில்லை.
அன்று கேட்காதது நான்தான்.

மூலையில் இன்னொன்று இருக்கிறது,
பிரிட்டோ காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தது.
‘இது நீ சொல்லாம மூச்சுகூட விடாதுக்கா.’
கறுப்புத் திரை. ஒரு சின்னக் கோடு கண்சிமிட்டும்,
சொல், சொல் என்பதுபோல்.
சொன்னேன் ஒருநாள்.
ஓர் இடைவெளி தப்பி விழுந்துவிட்டது.
வலங்கைமான் கல்யாணப் பத்திரிகைகள் எழுபதும்
மணமக்களோடு போயின.
நிஜமாகவா என்றுகூடக் கேட்கவில்லை.
அத்தனை பணிவு.

இன்று அதைத்தான் எழுப்பினேன்.
ஸ்கேனர் யாரென்று அதற்குத் தெரியாது.
செல்போனில் படமெடுத்து, ஒயரில் ஏற்றி,
அளவு குறைக்க ஒரு வரி,
பெயர் மாற்ற ஒரு வரி.
ரசீது அச்சாகவில்லை.
எண்ணைப் பட்டா நகலின் முதுகில் கையால் எழுதினேன்;
அல்போன்சா மேரி ஒவ்வொன்றாய் உரக்கப் படித்தாள்,
‘இது ஒண்ணா, ஏழா?’

‘மிசினு நம்மளது, சாவி எவன்கிட்டயோ’ என்றார் தனுஷ்கோடி.
‘மூணாறு தலைப்புல ஷட்டர் சாவி
லஸ்கர்கிட்ட இருக்கிற மாதிரி.’
‘ஒங்ககிட்ட இருந்திருந்தா
எங்களுக்குத் தண்ணி வந்திருக்குமாக்கும்’
என்றாள் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் கமலவேணி.
அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.
நான் அடுத்த வரியைத் தட்டினேன்,
இடைவெளிகளை விரலால் எண்ணி.

ஆறாவது ஆள் முடியும்போது நீலம் விலகியது.
‘வணக்கம்! எல்லாம் தயார்.’
ஒன்றுமே நடக்காத முகம்.
ஐகான்களை இடம் மாற்றி வைத்திருந்தது.
ஓரத்தில், நான் கேட்காத ஒரு மேகம்:
மாலையில் கனமழை.
மிச்சமிருந்த ஐந்து தலைகளும்
என் தோளுக்கு மேல் குனிந்தன.
‘எத்தன மணிக்கு? அதக் கொஞ்சம் தொடும்மா.’
தொட்டேன்.

இரவு அணைக்கப் போனால்
‘புதுப்பித்து அணை’ மட்டும்தான் இருக்கிறது.
மூலையில் இருப்பதற்கு ஒரு வரி தட்டினேன்,
மறுபேச்சில்லாமல் இருண்டது.
கடை ஷட்டருக்குச் சாவி என்னிடம்.
அது பாதியில் சிக்கிக்கொள்ளும்,
தொங்கித்தான் இழுக்க வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. மறுபடி கேட்.
வண்டியை அணைத்தேன்.
ஒரு பையன் சைக்கிளைச் சாய்த்துக்
கம்பிக்கு அடியில் நுழைகிறான்.
‘டேய்’ என்று கத்திவிட்டுச்
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
நாற்பதுக்கு மேல் தப்பிப்போயிற்று.